கழுவெளிக்குச் செல்வோம், சாலையோடு நிற்போம்!

விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் வெளியே சென்று, இறைவனின் படைப்புகளைக் கண்ணாரக் கண்டு வருவது மனத்திற்கு மருந்து. அடுப்படியே உலகமென்று ஆண்டு முழுவதும் உழைக்கும் தாய்மார்களுக்கும், புத்தகச் சுமையால் களைத்துப்போன பிள்ளைகளுக்கும் அந்த ஒரு நாள் பெரிய ஆறுதல். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பெருநாளை ஒட்டிப் புறப்பட்டால் செஞ்சிக் கோட்டை, புதுச்சேரிக் கடற்கரை, மரக்காணம் என்றே பெரும்பாலும் செல்வது வழக்கம். அண்மைக் காலத்தில் அந்த வரிசையில் கழுவெளியும் சேர்ந்திருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான்.

ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் சேர்ந்தே வருகிறது. இன்று பல வீடுகளில் சொந்தக் கார் இருக்கிறது. மேடு பள்ளம் எதுவானாலும் ஏறி இறங்கும் ஜீப்புகளும், கனத்த சக்கரங்கள் கொண்ட மோட்டார் சைக்கிள்களும் வந்துவிட்டன. கோடையில் ஏரி வற்றி, தரை வெடித்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெட்டவெளியாகக் கிடக்கும்போது, சாலையை விட்டு உள்ளே இறக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் என்ன என்னும் ஆசை நம் இளைஞர் சிலரிடம் தலைகாட்டுகிறது. பெரியவர்களும் அதைப் பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிடுகிறார்கள். அது விளையாட்டுத்தானா என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

கழுவெளி என்பது யாது?

திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கிழக்கே, கடலோரம் இருப்பது மரக்காணம். சங்க கால நூலாகிய சிறுபாணாற்றுப்படை ஓய்மா நாட்டின் எயிற்பட்டினத்தையும் கிடங்கிலையும் குறிப்பிடுகிறது. எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்றும், கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் அறிஞர் கூறுவர். ஆகவே நம் ஊர்ச் சாலை இன்று நேற்று ஏற்பட்டதன்று. பாணர்கள் நடந்த பழைய வழி அது.

இந்த மரக்காணத்திற்குத் தெற்கே, மரக்காணம், வானூர் வட்டங்களில் விரிந்து கிடக்கும் பெரிய நீர்நிலைதான் கழுவெளி. கழுவேலி என்றும் எழுதுவர். தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பழவேற்காட்டிற்கு அடுத்த பெரிய ஏரி இது என்பர். சுற்று வட்டாரத்து ஏரிகள் பலவற்றின் உபரி நீர் மழைக்காலத்தில் இங்கே வந்து சேர்கிறது. வடகிழக்கே ஓர் உப்போடை வழியாக மரக்காணத்தை அடுத்த கழிமுகத்தை எட்டி, வங்கக் கடலோடு உறவு கொள்கிறது. தென்பகுதியில் நன்னீர், வடபகுதியில் உவர்நீர். மாரியில் கடல்போல் விரிவு, கோடையில் வறண்ட களர்நிலம். இந்த இரட்டைக் குணமே அதன் சிறப்பு.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இதன் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் மாநில வரவு செலவுத் திட்டத்தில், மரக்காணத்தில் பன்னாட்டுப் பறவைகள் மையம் ஒன்று 25 கோடி ரூபாயில் அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது.

காரணம் இல்லாமல் இவ்வளவு மதிப்பு ஓர் ஏரிக்குக் கிடைத்துவிடாது. வட ஆசியாவின் பனி நிலங்களிலிருந்து புறப்பட்டு மலைகளையும் பாலைகளையும் தாண்டித் தெற்கே வரும் பறவைகளுக்கு வானில் ஒரு பாதை உண்டு. மத்திய ஆசிய வலசைப் பாதை என்று அதனை அழைக்கிறார்கள். அப்பாதையில் வரும் ஊசிவால் வாத்துகளும், கருவால் மூக்கன்களும், பலவகை உள்ளான்களும் இறங்கி உண்டு இளைப்பாறும் இடங்களுள் ஒன்று நம் கழுவெளி. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இங்கே காட்சி தருகின்றன. சிறகுகளை விரித்தும் மடக்கியும் விண்ணில் செல்லும் பறவைகளைப் பார்த்துச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. அந்தச் சிந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை நம் மாவட்டத்தில் வேறு உண்டா?

அது வெற்று நிலமன்று

"பறவைகள் மழைக்காலத்தில்தானே வருகின்றன? கோடையில் அங்கே ஒன்றுமே இல்லையே!" என்று சிலர் கேட்கக்கூடும். இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது.

ஆள்காட்டிக் குருவியை அறியாதவர் இல்லை. மனித நடமாட்டம் கண்டால் ஊரையே கூட்டும் பறவை அது. அதற்கு மரத்தில் கூடு இல்லை. வறண்ட தரையில் சிறு குழி பறித்து, நான்கைந்து கற்களைச் சுற்றி வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டையின் நிறமும் மண்ணின் நிறமும் ஒன்றே. பத்தடி தூரத்தில் நின்றாலும் நம் கண்ணுக்குப் புலப்படாது. நெடுங்கால் உள்ளானும், சிறிய ஆலாக்களும் இவ்வாறே வற்றிய ஏரித் தரையிலும் உப்பளக் கரையிலும் முட்டையிடுவன. இவற்றின் இனப்பெருக்கக் காலமோ, நாம் ஒன்றுமில்லாத காலம் என்று எண்ணும் அந்தக் கோடைதான்.

சித்திரை வெயிலில் தாய்ப்பறவை முட்டையின் மேல் அமர்வது சூடேற்றுவதற்காக மட்டுமன்று, வெயிலிலிருந்து காப்பதற்காகவும்தான். வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் வழக்கமும் ஆள்காட்டிக்கு உண்டு. வாகனம் ஒன்று இரைச்சலோடு சுற்றிச் சுற்றி வந்தால் அது அஞ்சிப் பறந்துவிடும். உச்சி வெயிலில் தாய் நீங்கிய முட்டை நெடுநேரம் தாங்காது. சக்கரம் ஏறாமலேயே உயிர் போய்விடும்.

குஞ்சு பொரித்துவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. பகையைக் கண்டால் அசையாமல் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும்படி இறைவன் அந்தக் குஞ்சுக்கு உணர்த்தியிருக்கிறான். பருந்தின் கண்ணை அது ஏமாற்றிவிடும். ஜீப்பின் சக்கரத்தை எவ்வாறு ஏமாற்றும்? ஓட்டுபவர் அறியவும் மாட்டார். அவர் மனத்தில் குற்ற உணர்வே எழாது. அறியாமல் செய்யும் தீங்கின் கொடுமையே அதுதான்.

மாரிக் காலத்தில் வரும் விருந்தாளிகளின் நிலை வேறு. நெடும்பயணத்தில் இளைத்த உடலை மீண்டும் தேற்றிக்கொண்டு, அடுத்த பயணத்திற்கான கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளவே அவை இங்கே வருகின்றன. கூட்டமாக மேயும் பறவைகளை வாகனத்தை விரட்டிப் பறக்கவிட்டு, அதனைப் படம் பிடிப்பது சிலருக்கு வேடிக்கை. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அவை சேர்த்த உணவு வீணாகிறது.

நிலமும் துன்புறுகிறது. மேலே காய்ந்து, அடியில் ஈரம் காக்கும் களிமண் தரையில் கனத்த சக்கரம் ஏறினால் மண் இறுகிவிடும், புல் முளைக்காது. உண்டான தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகித் தண்ணீரின் போக்கையே மாற்றும். 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது நம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் தாழ்நிலங்கள் நமக்கு எத்தகைய அருட்கொடைகள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன கூறுகிறது?

இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 27ஆம் பிரிவு, சரணாலயத்திற்குள் யார் நுழையலாம் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. பணியிலுள்ள அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், சரணாலய எல்லைக்குள் நில உரிமை உள்ளவர், பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவர், இவர்களைச் சார்ந்த குடும்பத்தார் முதலியோருக்கே அனுமதி உண்டு. நெடுஞ்சாலை வழியே கடப்பவர் என்ற சொற்களைக் கவனியுங்கள். சாலையில் செல்ல நமக்கு உரிமை உண்டு. சாலையை விட்டு இறங்கிய மறுகணம் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. அதன் பின் 28ஆம் பிரிவின்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். சுற்றுலா, நிழற்படம், ஆய்வு ஆகியவற்றுக்கு அத்தகைய அனுமதி வழங்கப்படலாம்.

விலங்குகளையோ பறவைகளையோ சீண்டுவதும், குப்பை போடுவதும் குற்றமே. சரணாலயத்திற்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதை 30ஆம் பிரிவு தடுக்கிறது. 2022ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இச்சட்டத்தின் பொதுவான மீறல்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குற்றத்திற்குப் பயன்பட்ட வாகனமும் பறிமுதலாகக்கூடும். விடுமுறைக்கு வந்த பிள்ளை வழக்கு மன்றப் படிகளில் ஏறி இறங்க வேண்டுமா? பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

மாடு போகலாம், நான் போகக்கூடாதா?

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் பணிபுரிகிறார். சென்ற விடுமுறையில் வந்தபோது, நண்பரின் ஜீப்பில் கழுவெளியைச் சுற்றப் போவதாகச் சொன்னார். மேலே கண்ட செய்திகளையெல்லாம் அவருக்கு எடுத்துரைத்தேன். அமைதியாகக் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்:

"ஹஜ்ரத், அது அரசாங்கத்து இடம்தானே? அரசாங்கத்து இடமென்றால் நமக்கும் சொந்தம்தானே? பக்கத்து ஊர்க்காரர் மாடு உள்ளே மேய்கிறது. இறால் பிடிக்கிறவர்கள் இறங்குகிறார்கள். அவர்கள் போகலாம், நான் ஒரு நாள் போகக்கூடாதா?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

"தம்பி, ஹிமா என்றால் என்னவென்று ஓதியிருக்கிறீர்களே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இஸ்லாத்திற்கு முன்பு அரபு நாட்டில் வலிமை மிக்க தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களை வளைத்து, தம் கால்நடைகளுக்கு மட்டுமே உரியவை என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஹிமா என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்தத் தனிமனித ஆதிக்கத்தை ஒழித்தார்கள். இனிமேல் காப்பு நிலம் என்பது இறைவனுக்காகவும் அவன் தூதருக்காகவும், அதாவது பொது நன்மைக்காக மட்டுமே இருக்கலாம் என்று விதித்தார்கள். மதீனாவை அடுத்த நகீஃ என்னும் நிலத்தை அவ்வாறு காப்பு நிலமாக்கினார்கள். மக்காவின் புனித எல்லைக்குள்ளோ வேட்டையாடுவது மட்டுமன்று, வேட்டைப் பிராணியை அது இருக்கும் இடத்திலிருந்து வெருட்டி ஓட்டுவதும் தடுக்கப்பட்டது. கொல்லாமல், தொடாமல், வெறுமனே விரட்டுவதும் தவறு! பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டு வேடிக்கை பார்ப்போர் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் ரபதா, ஷரஃப் ஆகிய இடங்கள் காப்பு நிலங்களாயின. அக்காப்பு நிலத்தின் பொறுப்பாளராக ஹுனை என்பவரை நியமித்து அவர்கள் இட்ட கட்டளை புகாரீ தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஒட்டகமும் ஆடும் சொற்பமாக வைத்திருக்கும் எளியோரை உள்ளே விட வேண்டும். பெருஞ்செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடக்கூடாது என்பது அதன் கருத்து. அவ்விருவரும் சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் உள்ளவர்கள்! பின் ஏன் இந்த வேறுபாடு? செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் பேரீச்ச மரங்களும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தால் அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆட்சியாளரின் வாசலில் வந்து நிற்பார். இதுவே உமர் (ரலி) அவர்கள் சொன்ன காரணம்.

பொதுச் சொத்து என்றால் எல்லோரும் ஒரே அளவில் அனுபவிக்கலாம் என்று பொருளன்று. அதில் யாருடைய தேவை பெரிது என்று பார்க்க வேண்டும். கழுவெளியில் கையால் தடவி இறால் பிடித்து வயிறு வளர்க்கும் இருளர் குடும்பங்கள் உண்டு. அங்கே இறங்குவது அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு. நமக்கு ஒரு மாலை வேடிக்கை. சரணாலயம் அறிவிக்கப்படும்போது மாவட்ட ஆட்சியர் உள்ளூர் மக்களின் உரிமைகளை விசாரித்து, தக்கவற்றைத் தொடர அனுமதிக்கலாம் என்று இந்தியச் சட்டமும் வழி வைத்திருக்கிறது. பறவைகளுக்காக அந்த ஏழைகளும் சில கட்டுப்பாடுகளைத் தாங்குகிறார்கள். அவர்கள் கட்டுப்பட்டு நிற்கும் இடத்தில் வசதி படைத்த நாம் வண்டியை ஓட்டி விளையாடினால், அதற்கு என்ன பெயர் சூட்டுவது?

அந்த மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே பாலைவனத்தில் எல்லோரும் ஓட்டுகிறார்களே, ஹஜ்ரத்!" என்றார்.

பாலைவனம் கற்ற பாடம்

வளைகுடா நாடுகளில் பணியாற்றும் நம் பிள்ளைகள் பலரும் மணல் மேடுகளில் ஜீப் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அதே நாடுகள் பட்டுத் தெளிந்த கதையையும் அவர்கள் அறிய வேண்டும்.

அரேபிய ஓரிக்ஸ் என்பது நீண்ட கொம்புகளும் வெண்ணிற உடலும் கொண்ட மான் போன்ற அழகிய பிராணி. ஒட்டகத்தில் சென்று வேட்டையாடிய காலமெல்லாம் அது தாக்குப்பிடித்தது. மோட்டார் வண்டி பாலைவனத்திற்குள் புகுந்த பின், ஒளிய இடமில்லாத வெட்டவெளியில் துரத்தித் துரத்திச் சுடப்பட்டது. 1972ஆம் ஆண்டில் ஓமான் நாட்டில் கடைசிக் கூட்டமும் அழிந்து, இயற்கைச் சூழலில் அவ்வினம் இல்லாமலே போயிற்று. வேற்று நாட்டு விலங்குக் காட்சிச் சாலைகளில் எஞ்சியிருந்தவற்றின் வழித்தோன்றல்களைக் கொண்டுவந்து, 1982இல் ஓமானின் பாலையில் மீண்டும் விட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கே வாழ்ந்த உயிரை, விமானத்தில் ஏற்றி அதன் சொந்த மண்ணுக்கே அழைத்துவர நேர்ந்தது!

நம் நாடு வனவுயிர்ச் சட்டம் இயற்றியதும் அதே 1972தான். அமெரிக்காவில் பொது நிலங்களில் சாலையை விட்டு ஓடும் வாகனங்களைக் கட்டுப்படுத்தக் குடியரசுத் தலைவர் நிக்சன் ஆணையிட்டதும் அதே ஆண்டுதான். உலகின் மூன்று மூலைகளிலும் ஒரே காலத்தில் ஒரே உண்மை உறைத்திருக்கிறது.

இன்று துபாயில் ஏறத்தாழ 225 சதுர கிலோமீட்டர் பாலை நிலம் காப்பகமாக வேலியிட்டுக் காக்கப்படுகிறது. அங்கே ஓரிக்ஸ் உலவுகிறது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் வண்டிகளுக்கே அங்கு இடம். சவூதி அரேபியாவின் காப்பகங்களில் அனுமதியின்றி நுழைவதும், செடிகொடிகள் மேல் வண்டி ஏற்றுவதும் தண்டத்திற்குரிய குற்றங்கள். அங்கே கட்டுப்பாட்டுக்கு அஞ்சி நடக்கும் நாம், தாயகத்தில் மட்டும் யார் கேட்பார் என்று இருக்கலாமா?

இதனைக் கேட்ட பின் அந்த மாணவர் கழுவெளிக்குச் சென்றார். வண்டியைச் சாலையிலேயே விட்டு நின்று பார்த்தார்.

அயலிலேயே ஒரு முன்மாதிரி

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்போர் வேடந்தாங்கலைப் பார்க்கட்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டுக் காப்புச் சாசனம் எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரமென்பதைப் படிக்காத அம்மக்கள் அறிந்திருந்தார்கள். சட்டம் பிறப்பதற்கு முன்பே ஓர் ஊர் தானாக வேலியாய் நின்ற வரலாறு அது.

குடும்பத்துடன் செல்வோருக்கு

கழுவெளிக்குச் செல்ல நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பஜ்ர் தொழுதவுடன் புறப்பட்டால் இளவெயிலில் பறவைகளைக் காணலாம். சரணாலயப் பகுதிக்குள் செல்ல விரும்பினால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் சொல்லும் வழியில் மட்டும் செல்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் விரைந்து செல்வன. ஆதலால் வண்டியை ஓரமாக நிறுத்தி, சிறு பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். ஒரு தொலைநோக்கி எடுத்துச் சென்றால், நெருங்கிப் போக வேண்டிய தேவையே இராது.

சாப்பாட்டை வீட்டிலேயே சமைத்து எடுத்துச் செல்லுங்கள். அங்கே அடுப்பு மூட்ட வேண்டாம். பிளாஸ்டிக் பைகளையும் பிரியாணிப் பொட்டலத் தாள்களையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். ஒலிப்பானும் பாட்டும் வேண்டாம். லுஹர் தொழுகைக்கு மரக்காணத்திலோ திண்டிவனத்திலோ பள்ளிவாசல்கள் உண்டு. வண்டி ஓட்டும் திறமையைக் காட்ட விரும்பும் இளைஞர்கள், நில உரிமையாளரின் இசைவு பெற்ற தனி நிலத்தில் அதனைக் காட்டட்டும். திறமை குற்றமன்று, இடம்தான் குற்றமாகிறது.

தாய்மார்களே! முன் இருக்கையில் அமர்ந்திருக்கும் நீங்கள் "இறக்காதே, மகனே" என்று சொல்லும் ஒரு சொல்லுக்கு வனக் காவலரின் எச்சரிக்கைப் பலகையைவிட வலிமை அதிகம். பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட்டபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் தவிப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனைத் துன்புறுத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் செய்தார்கள். ஒரு தாயின் தவிப்பை இன்னொரு தாய் அறியாமல் இருக்க முடியுமா? இந்நிகழ்ச்சியை ஏரிக்கரையில் நின்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்கள்.

பூமியில் மனிதன் இறைவனின் பிரதிநிதி. பிரதிநிதிக்கு அதிகாரம் உண்டு; அதனினும் மேலாகக் கணக்குக் காட்டும் கடமையும் உண்டு. நாம் சென்று வந்த இடம், செல்வதற்கு முன் இருந்தது போலவே இருக்க வேண்டும். அவ்வாறு நடந்துகொள்ளும் நல்லுணர்வை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.